குடியிருப்புகளுக்கு நடுவே ஈய உலைகள்: இழுத்து மூடுவதா, நெறிப்படுத்துவதா?

வெண்மதி (திரியைத் தொடங்கியவர்)

பழைய வாகன பேட்டரிகளையும் சூரிய மின்சாரத்துக்குப் பயன்படும் பேட்டரிகளையும் உடைத்து, உள்ளிருக்கும் ஈயத்தை வீடுகளுக்கு இடையே உருக்கி எடுக்கும் சிறு உலைகளை உடனே மூட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கிறது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. செனகல் நாட்டின் தலைநகர் டாக்கரை ஒட்டிய தியாரோய்-சுர்-மேர் பகுதியில் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். பேட்டரி உடைத்த மண்ணில் கலந்திருந்த ஈயத்தைச் சலித்தெடுத்து விற்கும் வேலை அங்கே வீட்டு வாசலிலேயே நடந்துகொண்டிருந்தது. இதற்குப் பிறகும் எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

செங்கதிர்

நீங்கள் காட்டிய அந்தச் சான்றையே நானும் எடுத்துக்கொள்கிறேன். தியாரோயில் பெண்கள் மண்ணைச் சலித்ததற்குக் காரணம், அந்த மண்ணுக்கு விலை கொடுக்க ஆள் இருந்ததுதான். விலை இருக்கும்வரை உலையும் இருக்கும். நீங்கள் பகலில் மூடினால் அது இரவில் எரியும், தெருமுனையில் மூடினால் கொல்லைப்புறத்துக்குப் போகும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களோடு நெடுங்காலம் பழகியவன் என்பதால் அந்த வேலையை விளக்கிவிடுகிறேன். பேட்டரியின் தலையைக் கோடரியால் பிளந்து, அமிலத்தை அப்படியே தரையில் கொட்டிவிட்டு, தகடுகளை வெறுங்கையால் உருவி எடுக்கிறார்கள். ஈயம் சுமார் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் பெரிய கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. கரியும் ஓர் ஊதுலையும் போதும். மாலையில் அந்தத் தொழிலாளி தூசி படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போய், அதே சட்டையோடு குழந்தையைத் தூக்குகிறார். அவருக்கு இதில் ஆசை ஒன்றும் இல்லை, வேறு பிழைப்பு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய பேட்டரிக்கு முறையான ஆலையைவிடச் சிறு உலைக்காரர் கூடுதல் விலை தருவது பல இடங்களில் வழக்கம். புகை வடிகட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, வரி, தொழிலாளர் மருத்துவச் சோதனை என்று ஆலை செய்யும் செலவு எதுவும் அவருக்கு இல்லை. அந்தச் செலவு முழுவதையும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் உடல் ஏற்கிறது. இந்த விலை வேறுபாட்டை மாற்றாமல் பூட்டுப் போடுவதால் எந்தப் பயனும் இல்லை. புதிய பேட்டரி விற்கும்போதே வைப்புத்தொகை பெற்று, பழையதைத் திருப்பித் தருபவருக்கு அதைக் கொடுக்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு இருக்க வேண்டும்.

வெண்மதி

திரு. செங்கதிர் அவர்களுக்கு: முறையான ஆலை என்றால் தூய்மையான ஆலை என்று நீங்கள் எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கென்யாவின் மொம்பாசாவில் ஓவினோ உகுரு குடியிருப்பை நஞ்சாக்கியது கொல்லைப்புற உலை அல்ல, ஒரு நிறுவனத்தின் ஆலை. 2020இல் அங்குள்ள சுற்றுச்சூழல் நீதிமன்றம் 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு வழங்கச் சொன்னபோது, அரசு அமைப்புகளையும் சேர்த்தே பொறுப்பாக்கியது. கலிஃபோர்னியாவின் வெர்னான் நகரில், உலகிலேயே கடுமையான சட்டங்கள் உள்ள ஒரு மாநிலத்தில், 2015இல் மூடப்பட்ட பேட்டரி மறுசுழற்சி ஆலையைச் சுற்றி ஆயிரக்கணக்கான வீடுகளின் மண்ணைத் தோண்டி அகற்ற வேண்டியிருந்தது.

முறைசாராத் தொழிலில் சட்டம் செல்லாது என்பதும் உண்மையில்லை. வங்கதேசத்தில் மஞ்சள்தூளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட் கலப்பது பல்லாண்டு வழக்கமாக இருந்தது. 2019இல் ஆய்வாளர்கள் அதை அம்பலப்படுத்தினார்கள். அரசு சந்தைகளில் சோதனை நடத்தி அபராதம் விதித்தது. கலப்பட மாதிரிகளின் பங்கு 2019இல் 47 விழுக்காடாக இருந்து 2021இல் இல்லாமலே போயிற்று. ஆகவே மன உறுதியோடு செய்தால் தடை பலிக்கும்.

குறிஞ்சி

நான் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்ப்பவள். இருவரும் உலையைப் பற்றியே பேசுகிறீர்கள். உலை அணைந்த பிறகும் மண் அங்கேயேதான் கிடக்கும் என்பதை யாரும் எடுக்கவில்லை.

டொமினிக்கன் குடியரசின் ஹைனாவில் ஒரு பேட்டரி ஆலை மூடப்பட்டது. 1997 மார்ச்சில் அங்கிருந்த குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் சராசரியாக 71 மைக்ரோகிராம். அதே ஆண்டு ஆகஸ்டில் அது 32. மூடியதால் பயன் உண்டு என்பதற்கு இதுவே சான்று. ஆனால் 32 என்பதும் எந்த அளவுகோலின்படியும் கடும் நச்சுநிலைதான். குழந்தைகள் தவழ்ந்த கையை வாயில் வைக்கிறார்கள்; விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக அவர்களின் உடல் உறிஞ்சுகிறது. அது எலும்பில் தங்கி, பெண் குழந்தையாக இருந்தால் பிற்காலத்தில் அவள் கருவுறும்போது மறுபடியும் ரத்தத்துக்கு வந்து கருவைத் தொடுகிறது.

ஈயத்தை வெளியேற்றும் மருந்து இருக்கிறதே என்று பெற்றோர் கேட்கிறார்கள். அளவு 45ஐத் தாண்டினால் அந்த மருந்து தருவோம், உயிரைக் காக்கும். அதற்குக் கீழே, 20 முதல் 44 வரை இருந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2001இல் வெளிவந்தது: ரத்தத்தில் ஈயம் குறைந்தது, அறிவுத்திறனில் முன்னேற்றம் எதுவும் இல்லை. மருந்து கொடுத்த குழந்தையை அதே முற்றத்துக்குத் திருப்பி அனுப்புவதைப் போல என்னைச் சோர்வடையச் செய்வது வேறில்லை.

செங்கதிர்

குறிஞ்சி அம்மா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். மண்ணைத் துப்புரவு செய்யாத மூடல் அரைவேலைதான்.

ஆனால் வெண்மதி அவர்கள் காட்டிய மஞ்சள் உவமை இங்கே பொருந்தாது. ஈயக் குரோமேட்டைக் கைவிட்ட வியாபாரி மறுநாளும் மஞ்சளைத்தான் விற்றார். அவர் இழந்தது கொஞ்சம் நிறத்தை மட்டுமே. ஈயத்தைக் கைவிடும் பேட்டரி உடைப்பவருக்கு விற்க என்ன மிஞ்சும்? வாகனப் பெட்ரோலில் ஈயம் ஒழிந்த வரலாற்றையும் பாருங்கள். கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியதோடு உலகம் முழுவதும் அது முடிந்தது. கலந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சுத்திகரிப்பு ஆலைகள் என்பதால் குழாயை அடைக்க முடிந்தது. இங்கேயோ உலகில் பயன்படும் ஈயத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பேட்டரிக்கே போகிறது, அது கோடிக்கணக்கான கைகளில் இருக்கிறது. கடைசி உலையைத் தேடி ஓடுவதைவிட, பேட்டரி முதலில் விற்பனையாகும் இடத்தைப் பிடிப்பதே எளிது.

வெண்மதி

வைப்புத்தொகை முறையை நான் எதிர்க்கவில்லை. சட்டம் இயற்றி, உற்பத்தியாளர்களை இணங்கவைத்து, அது நாடெங்கும் நடைமுறைக்கு வர ஆண்டுகள் பிடிக்கும். இரண்டு வயதுக் குழந்தையின் மூளை அதுவரை வளராமல் நிற்காது. நெறிப்படுத்துவோம் என்று சொல்லும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது, அந்த இடைக்காலத்தில் வீட்டுக்குப் பத்தடி தள்ளி எரியும் உலையை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைத்தான். வீடுகளுக்கு நடுவே உள்ளவற்றை இன்றே அணைக்க வேண்டும். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு வேறு வேலை அமையும்வரை ஊதியம் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தை உற்பத்தியாளர்களிடமிருந்தே பெற வேண்டும், ஏனென்றால் மலிவான ஈயத்தால் இத்தனை காலமும் ஆதாயம் அடைந்தவர்கள் அவர்கள்.

செங்கதிர்

ஊதியம் கையில் வந்த பிறகு அணைப்பது என்றால் நானும் கையெழுத்திடுகிறேன். அணைத்துவிட்டுப் பிறகு தருவோம் என்ற வாக்குறுதியை இந்தத் தொழிலாளர்கள் நம்ப மாட்டார்கள், நம்பும்படி யாரும் இதுவரை நடந்துகொள்ளவும் இல்லை. அதற்கும் முன்னால் ஒன்று: உலையில் வேலை செய்பவர்களின் குழந்தைகள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். மூடிய மறுவாரமே குடும்பங்கள் வேலை தேடி வேறு இடம் போய்விடும்; அதன்பின் எந்தக் குழந்தைக்கு அளவு 45ஐத் தாண்டியிருந்தது என்று தேட யாருக்கும் வழியிருக்காது.

குறிஞ்சி

பரிசோதனைக்கு வரும் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே விரலில் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். தோலில் ஒட்டிய தூசியே அளவைத் தவறாக உயர்த்திக் காட்டிவிடும். அளவு உயர்ந்திருந்தால் கையின் ரத்தக் குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில் மறுபடியும் சோதித்து உறுதி செய்துகொண்டு, பிறகு சிகிச்சையை முடிவு செய்யலாம். கருவுற்ற தாய்மார்களையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.