செம்பூர் வீட்டை விற்கிறோம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் அப்பா 1984-ல் வாங்கிய ஃபிளாட்டை விற்கப் போகிறோம். சமையலறைக் கதவு நிலையில் எங்கள் உயரம் குறித்த பென்சில் கோடுகள் இன்னும் இருக்கின்றன. பெயின்ட் அடித்தால்தான் விலை போகும் என்கிறார் தரகர். பார்க்கலாம்.

அப்பா இப்போது இல்லை. நாமினி என்பதால் ஹவுசிங் சொசைட்டியில் ஷேர் சர்டிபிகேட் (ஃபிளாட்டுக்கான பங்குச் சான்று) அம்மா பெயருக்கு மாறிவிட்டது. ஆனால் நாமினி ஆனதாலேயே முழு உரிமை வந்துவிடாதே! தங்கை துபாயில் இருக்கிறாள். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு அவள் நேரில் வர வேண்டுமா, அங்கிருந்தே பவர் அனுப்பினால் போதுமா?

அப்புறம், ஃபிளாட் கைமாறும்போது சொசைட்டி வாங்கும் டிரான்ஸ்பர் பிரீமியத்துக்கு 25,000 ரூபாய்தான் உச்சவரம்பு. சொசைட்டியிலோ ‘நன்கொடை’ என்று ஒரு லட்சம் கேட்கிறார்கள். யாராவது எழுத்துமூலம் மறுத்திருக்கிறீர்களா?

வரிக்கணக்குக்கு ஃபிளாட்டின் 1-4-2001 தேதி மதிப்பைப் போட்டுத் தரும் வேல்யூவர் (மதிப்பீட்டாளர்) தெரிந்தாலும் சொல்லுங்கள். தரகர்கள் தயவுசெய்து வேண்டாம்.