நாய்க்கு வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்?

கேள்வி: எங்கள் மணிக்கு நான்கு வயது, நாட்டு நாய். தடுப்பூசிக்கு மட்டும்தான் டாக்டரிடம் போகிறோம். இடையில் நாமே என்ன பார்க்கலாம்? மூக்கு காய்ந்தால் காய்ச்சல் என்று மாமியார் சாதிக்கிறார்.

பதில் 1: மூக்கை விடுங்கள், தூங்கி எழுந்தாலே காய்ந்துதான் இருக்கும். ஈறைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்கும்; 2 விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். நாட்டு நாய்க்கு ஈறு கறுப்பாக இருந்தால் கீழ் இமையை லேசாக இழுத்து உட்புறம் பாருங்கள். அப்புறம், தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து போனால் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்புச் சூடு 101 முதல் 102.5 டிகிரி வரை அதற்குச் சாதாரணம். தொட்டுப் பார்த்துவிட்டு பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஆபத்து.

பதில் 2: உண்ணியை மறக்காதீர்கள். முதுகைத் தடவிவிட்டு "ஒன்றுமில்லை" என்பார்கள். அது காது மடலுக்குள், கால் விரலிடுக்கில், அக்குளில் ஒளிந்திருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். உண்ணி இருந்த நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

கேட்டவர்: விரலிடுக்கில் இரண்டு கிடைத்தது! ஈறு நல்ல இளஞ்சிவப்பு. காதில் மட்டும் புளித்த வாடை, பழுப்பாக அழுக்கு.

பதில் 1: பட்ஸ் விடாதீர்கள். காதுத் தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.