தொடாத பித்தளை தானாகப் பிளந்தது – உங்களுக்கும் நடந்ததா?

கொட்டாஞ்சேனை லேத்:
டை (குழி அச்சு), பஞ்ச் (தகட்டை அதற்குள் தள்ளும் அச்சு) எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நேரே வருகிறேன். ஆமர் வீதிப் பக்கம் சின்னப் பட்டறை. 70/30 (செம்பு 70, நாகம் 30) பித்தளைத் தகட்டில் விளக்குக் கிண்ணம், இரண்டு இழுவை, அதாவது இரண்டு தரம் டைக்குள் அழுத்தி ஆழமாக்குவது. 200 கிண்ணமும் ஒரு சுருக்கம் இல்லாமல் வந்தன. பின்னறைத் தட்டில் அடுக்கினோம். மூன்றாம் கிழமை, நல்ல மழை இரவு. கணக்கு எழுதிக்கொண்டு இருக்கிறேன், உள்ளே ‘டிங்’ என்று ஒரு சத்தம். எலி என்று விட்டுவிட்டேன். மறுபடி ‘டிங்’. டோர்ச் அடித்தால், யாரும் தொடாத கிண்ணம் விளிம்பிலிருந்து அடிவரை பிளந்து நிற்கிறது. காலையில் எண்ணினேன், 31. தகட்டைக் காய்ச்சாமல் (சூடாக்கி மெத்தென்று ஆக்காமல்) இழுத்துவிட்டீர் என்று, வேலை செய்த பாஸை (தொழிலாளியை) எல்லார் முன்னாலும் ஏசிவிட்டேன். அவர் இரண்டாம் இழுவைக்கு முன்னால் காய்ச்சியதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதுதான் உறுத்துகிறது.

மருதானை நானா:
எனக்குப் பிளக்கவில்லை, குழி விழுந்தது. பன்னீர்ச் செம்புக் கழுத்தைச் சுருக்கும் டை. தோளில் நகத்தால் அழுத்தினது போல ஒரு பள்ளம், ஒவ்வொன்றிலும். டையில் பிழை என்று இரண்டு தரம் பொலிஷ் போடக் கொடுத்தேன், காசு போனதுதான் மிச்சம். ஒருநாள் வேலைக்கு வந்த பெடியன் எண்ணெய் வழிகிறதே என்று சாரத் தலைப்பால் துடைத்துவிட்டு அழுத்தினான். கண்ணாடி போல வந்தது! மிஞ்சின எண்ணெய்க்குப் போக இடமில்லை, அது அமுங்காது, பித்தளைதான் உள்ளே போகும். கனடாவில் இருக்கும் மச்சினன், கடையில் கிடைக்காத அளவுத் துப்பாக்கித் தோட்டாவுக்குக் கோது (பித்தளை உறை) சுருக்குகிறவன். அவனுக்கும் தோளில் இதே குழிதானாம்.

பஞ்சிகாவத்தை பழசு:
லேத் தம்பி, பாஸை ஏசியது பிழை. இடையில் காய்ச்சினாலும் கடைசி இழுவையின் இறுக்கம் கிண்ணத்துக்குள் அப்படியே இருக்கும். அதில் அமோனியா பட்டால் பிளக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக் கோதுகள் மழைக்காலத்தில் இப்படித்தான் பிளந்தன. குதிரை மூத்திரத்தின் அமோனியா. உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, பாருங்கள். முடிந்த பிறகு 250 பாகை செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே ஒரு மணி நேரம் வைத்தால் இறுக்கம் போய்விடும், கிண்ணம் மெத்தென்று ஆகாது. கேட்காமலே இன்னும் சொல்கிறேன். 1 மில்லிமீட்டர் தகட்டுக்கு பஞ்சுக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கம் 1.1 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பஞ்சில் காற்றுத் துளை போடுங்கள், இல்லாவிட்டால் கிண்ணம் உறிஞ்சிக்கொண்டு கழலாது. முதல் இழுவையிலேயே வெட்டின தகட்டு வட்டத்தின் அகலத்தில் பாதிக்குக் கீழே குறுக்கப் பார்க்காதீர்கள், அடி கிழியும். சுருக்கம் விழுந்தால் ஹோல்டரை (தகட்டின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கும் வளையத்தை) இறுக்குங்கள், கிழிந்தால் தளர்த்துங்கள். என் சொந்தக் கதையா? 18 கிண்ணம், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில். அவ்வளவுதான்.

வத்தளை:
பழசு அண்ணை சொல்வது சரி, ஆனால் 250 பாகையை எதால் அளப்பது? இங்கே எல்லாரும் காய்ச்சுவது கண்ணால் பார்த்து. நான் பட்டப்பகலில் வாசலில் வைத்துக் காய்ச்சினேன். வெயிலில் சிவப்பே தெரியவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டேன். வெள்ளைப் புகை வந்த பிறகுதான் நிறுத்தினேன். இழுத்தால் கிழியவில்லை, மேல்புறம் முழுக்கத் தோடம்பழத் தோல் போலச் சொரசொரப்பு. நானாவின் எண்ணெய்க் கதை மட்டும் நூறு வீதம் நம்புகிறேன்.

கொட்டாஞ்சேனை லேத்:
போய்ப் பார்த்தேன். தட்டுக்குப் பின்சுவரின் அந்தப் பக்கம் கழிப்பறை. மேலே காற்றுப் போக விட்ட ஓட்டை நேரே கிண்ணங்களுக்கு மேலே. பாஸ் இப்போது வேறு பட்டறையில் இருக்கிறார். போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “மிச்சத்தையாவது அங்கேயிருந்து எடுத்துவிட்டீரா?” என்றார்.