அடிலெய்டிலிருந்து உலுரு வரை கேம்பர் வேனில்: அன்றாடத் தொல்லைகள் எவை?

அஸ்தம்பட்டி வாசகர்:
ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வசிக்கும் மகள் வீட்டுக்கு வரும் ஜூலையில் நானும் என் மனைவியும் செல்லவிருக்கிறோம். அங்கிருந்து, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த வாடகைக் கேம்பர் வேன் ஒன்றில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வழியாகக் கூபர் பீடி, உலுரு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களுக்கு எங்களை அழைத்துச் செல்வதாக மகளும் மருமகனும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் மருமகன் பார்த்துக்கொள்வார். சமையல், தண்ணீர், உறக்கம் என வண்டிக்குள் நாள்தோறும் நேரும் சின்னத் தொல்லைகளைப் பற்றித்தான் சென்று வந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். குக்கர், மிக்சி, இட்லித் தட்டு மூன்றையும் என் மனைவி ஏற்கெனவே பட்டியலில் சேர்த்துவிட்டார்.

சூரமங்கலத்தான்:
ஐயா, மிக்சியை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிடச் சொல்லுங்கள். வண்டிக்குள் இருக்கும் மின்சாரப் பிளக்குகளில் பெரும்பாலானவை, இத்தகைய வண்டிகளை நிறுத்தி இரவு தங்குவதற்கான கேரவன் பூங்காவில் வெளி இணைப்புக் கம்பியைச் செருகினால்தான் உயிர்பெறும். மற்ற இடங்களில் விளக்கு, தண்ணீர் மோட்டார் போன்றவை மட்டுமே பேட்டரியில் ஓடும். குக்கருக்குச் சிக்கல் இல்லை, கேஸ் அடுப்பு உண்டு. இட்லிப் பொடி, பருப்புப் பொடி என்று எடுத்துச் சென்றால், விமானத்தில் தரும் வருகை அட்டையில் உணவுப் பொருள் இருப்பதாகத் தவறாமல் குறிப்பிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

இட்லி மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் அண்ணன் குடும்பத்தோடு இதே வழியில் சென்றபோது, அண்ணி அடிலெய்டிலேயே மாவரைத்து டப்பாவில் கொண்டு வந்தார். இரவுக் குளிரில் பொங்க மறுத்த அந்த மாவு, பகலில் வெயில் படும் பக்கமாக வைத்ததும் ஒரேயடியாகப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, இருக்கைக்கு அடியில் இருந்த இழுப்பறையின் தடத்துக்குள் வழிந்து இறங்கியது. காய்ந்ததைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்த பிறகும் கடைசி நாள் வரை அந்த இழுப்பறை பாதிதான் திறந்தது. ரவா உப்புமாவே அந்த ஊருக்குப் போதும் என்பது என் கருத்து.

குளிர்பெட்டி கேஸிலும் ஓடும் வகையாக இருந்தால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்துவது முக்கியம். அதனுள் அம்மோனியாக் கரைசல் மோட்டார் இல்லாமல் புவியீர்ப்பினால்தான் சுற்றிவருகிறது என்பதால், வண்டி சரிந்து நின்றால் அது குளிர்விப்பதை நிறுத்திவிடும். விடிந்து பார்த்தால் பால் திரிந்திருக்கும். வண்டியைக் கிளப்புமுன் ஒருவர் இறங்கி ஒரு சுற்று வந்து, கேஸ் வால்வு, கூரைச் சன்னல், படிக்கட்டு, வெளி மின்கம்பி, அலமாரித் தாழ்கள் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். தாழ் விழாத அலமாரி, முதல் வளைவிலேயே தட்டுகளைக் கீழே கொட்டிவிடும். கழிப்பறைத் தொட்டியை அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டுமே காலி செய்யலாம். அது யாருடைய வேலை என்பதைக் கிளம்புமுன்பே பேசி முடித்துவிடுங்கள், பிறகு பேசினால் மனத்தாங்கலில்தான் முடியும்.

ஏற்காடு காப்பித் தோட்டம்:
எங்கள் மலையில் அந்தி சாய்ந்த பிறகு காட்டெருமை எந்த வளைவில் நிற்கும் என்று தெரியாமல் ஊர்ந்துதான் வருவோம். அங்கே கங்காருவும் வேலியில்லா மேய்ச்சல் நிலத்து மாடுகளும் அதே நேரத்தில்தான் சாலைக்கு வரும், வண்டியோ பல மடங்கு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஜூலையில் ஆறு மணியளவில் இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் நான்கரை, ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேர்வதாகத் திட்டமிடுங்கள். இருட்டிய பின் நகர்ப்புறத்துக்கு வெளியே ஓட்டக்கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். பகலிலும், அடிபட்டுக் கிடக்கும் விலங்கைத் தின்னும் பெருங்கழுகுகளைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள். உடல் கனத்தால் அவை மெதுவாகத்தான் எழும்பும், சில வேளை கண்ணாடிக்கு நேரே எழும்பும். பல பெட்டிகளைக் கோத்து இழுத்துச் செல்லும், ரோடு டிரெயின் எனப்படும் லாரிகள் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். எதிரே அது வரும்போது கூரைச் சன்னல் திறந்திருந்தால், அந்தக் காற்றே மூடியைப் பிய்த்துவிடும்.

ஐந்து ரோடு மெக்கானிக்:
வழியில் வரும் கிளெண்டாம்போ என்ற சிற்றூருக்கும் கூபர் பீடிக்கும் இடையே 254 கிலோமீட்டர் தூரத்துக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. சேலத்திலிருந்து மதுரைக்குப் போகும் தூரத்தை விடக் கூடுதல். ஆகவே பாதித் தொட்டி இருக்கிறதே என்று எண்ணாமல் கிளெண்டாம்போவில் நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். எரிபொருள் போடுபவர் ஓட்டுநரே என்பதால், டீசல் வண்டியானால் குழாய் முனையின் நிறத்தை நம்பாமல் டீசல் என்ற எழுத்தைப் படித்த பிறகு போட வேண்டும். நெடுஞ்சாலையும் உலுருவுக்குப் பிரியும் சாலையும் முழுவதும் தார்ச்சாலைகளே. படம் எடுக்க ஆசைப்பட்டு மண்சாலையில் இறங்கினால் செம்புழுதி பின்கதவு இடுக்கு வழியாகப் படுக்கை வரை வரும். சாதாரண வாடகை வண்டிக்கு அங்கே காப்பீடும் பெரும்பாலும் செல்லாது.

அஸ்தம்பட்டி வாசகர்:
மிக்சி நீங்கிவிட்டது, இட்லித் தட்டு இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. இரவுக் குளிர் என்று எழுதியிருக்கிறீர்களே, ஏற்காட்டு மார்கழி அளவுக்கு இருக்குமா?

சூரமங்கலத்தான்:
அதைவிடக் கடுமையாக இருக்கும் ஐயா. பகலில் சட்டையோடு நடக்கலாம். ஆனால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் ஜூலை இரவுகளில் சுழியத்துக்குக் கீழேயும் இறங்குவதுண்டு. கம்பளியைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குளிருக்காகக் கேஸ் அடுப்பை மட்டும் எரியவிட்டுப் படுக்கவே கூடாது: மூடிய வண்டிக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வெளிக்குழாயில் தண்ணீர் உறைந்து, வெயில் ஏறும் வரை வராமல் போகக்கூடும். அம்மாவிடம் சொல்லி, காலைக் காப்பிக்கு வேண்டியதை முன்னிரவிலேயே பாத்திரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.