மின்னல் குறியும் மலிவு ஒயரும்: உங்கள் அனுபவம் என்ன?

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் போர்டு ஒன்றை வைத்து வீட்டுக்குப் பாட்டுப் பெட்டி செய்யக் கிளம்பினேன். பாதிப் பாட்டில் தானாக அணையும், தானாக எழும். திரையின் மூலையில் மின்னல் குறி வந்து வந்து போகும். முதலில் போர்டைத் திட்டினேன். அப்புறம் மெமரி கார்டை. இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியும் ஆயிற்று. கடைசியில் பார்த்தால், கிடைத்ததிலேயே மலிவு என்று பெருமையாக வாங்கிய யூஎஸ்பி ஒயர்தான் அத்தனைக்கும் காரணம்.

மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தக் குறி வரும். ஒயரின் உறையில் 28 ஏடபிள்யூஜி என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது; கம்பியின் கனத்தைச் சொல்லும் எண் அது. அந்தக் கனத்தில் செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. ஆக ஒரு மீட்டர் ஒயருக்கு 0.42 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் 0.42 வோல்ட் வழியிலேயே காலி. 5 வோல்ட்டாகக் கிளம்பியது 4.58 ஆகப் போய்ச் சேர்கிறது. இதுவே 24 என்றால் இழப்பு 0.17 தான் (எண் குறைந்தால் கம்பி தடிமன், முதலில் எனக்கும் இது குழப்பம்). மேசை இழுப்பறையில் பழைய கைப்பேசியோடு வந்த அரை மீட்டர் தடித்த ஒயர் கிடந்தது. அதைப் போட்டேன், மின்னல் போயே போய்விட்டது. செலவே இல்லை.

அன்றிலிருந்து ஒயர் வாங்கினால் கையில் ஒரு காந்தம் இருக்கும். சுற்றுகளை இணைக்கும் சின்ன ஜம்பர் ஒயர் கட்டு ஒன்றை அப்படிச் சோதித்தேன், அப்படியே ஒட்டிக்கொண்டது. செம்பு ஒட்டாது, உள்ளே இரும்பு! முனையில் உள்ள பின் ஒட்டலாம், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நடு ஒயரில் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் தப்பிக்கும் இன்னொரு ரகம் செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். பிரெட்போர்டுக்கு (பற்றவைக்காமல் துளையில் கம்பியைச் செருகிச் சுற்று அமைக்கும் பலகை) இப்போது ஜம்பர் வாங்குவதையே விட்டுவிட்டேன். வேலை முடிந்து மிஞ்சிய நெட்வொர்க் கேபிள் துண்டை உரித்தால் 8 கம்பிகள், நாலு நிறத்தில், அரை மில்லிமீட்டர் கனத்தில். துளைக்குள் கச்சிதமாக உட்காரும். ஆனால் ஒற்றைக் கம்பியாக இருக்க வேண்டும், பல இழை என்றால் நுழையாது.

உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

*

என் கதை அடாப்டர் டப்பா. கெட்டுப்போன சாமான் வெளியே போனாலும் அதன் அடாப்டரை மட்டும் வீட்டை விட்டு அனுப்பமாட்டேன். மகளின் சின்ன கீபோர்டுக்கு 9 வோல்ட் வேண்டும், டப்பாவில் 9 வோல்ட் இருந்தது, செருகும் முனையும் பொருந்தியது. செருகினேன். லேசாக ஒரு வாடை, அவ்வளவுதான்.

கீபோர்டுக்கு நடுவில் மைனஸ், அடாப்டருக்கு நடுவில் பிளஸ். வட்டமும் புள்ளியுமாக இரண்டிலும் படம் போட்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. நல்லவேளை, திறந்து பார்த்தால் காவலுக்கு வைத்த டையோடு மட்டும் கருகியிருந்தது. அதை மாற்றினேன், பாட ஆரம்பித்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு அடாப்டரிலும் வோல்ட், ஆம்பியர், நடு முனை எது என்று தாள் ஒட்டியிருக்கிறேன். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் அதிகமாக இருந்தால் பரவாயில்லை. கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் என்றால் மல்டிமீட்டர் வைக்காமல் செருகாதீர்கள். 9 என்று எழுதியது சுமை இல்லாதபோது 12, 13 கூடக் காட்டும்.

*

அடாப்டர் டப்பா வைத்திருக்கும் அக்காவுக்கு ஒரு வணக்கம், எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

எனக்கு 128 ஜிபி என்று எழுதிய மெமரி கார்டு. பாதிப் படங்கள் திறக்கவே இல்லை. வாங்கிய அன்றே எஃப்3 மென்பொருளால் கார்டு நிறைய எழுதி, திரும்பப் படித்துப் பார்த்திருந்தால், உள்ளே அவ்வளவு இடம் இல்லை என்று அன்றே தெரிந்திருக்கும்.

*

ஒயரில் ஏமாந்தால் போர்டு அணையும், சரி. லித்தியம் செல்லில் ஏமாந்தால் வீடு பற்றும். டார்ச்சில் போடும் 18650 என்ற உருளைச் செல்லில் 9900 எம்ஏஎச் (எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு) என்று எழுதியிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு நகருங்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அந்த உருளைக்குள் 3500 அடைப்பதே பெரிய காரியம். சமையலறைத் தராசு போதும்: ஒழுங்கான செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். நான் வாங்கியது 30-ஐத் தாண்டவில்லை.

சுவரில் நேராகச் செருகும் சார்ஜரிலும் இந்தச் செல்லிலும் நான் மலிவு பார்ப்பதில்லை. மற்றதெல்லாம் காயலான் கடையில் கிடைத்தாலும் சந்தோஷம்தான்.

*

திரியைத் தொடங்கியவன் மறுபடி வந்திருக்கிறேன். செல்லைப் பற்றிப் படித்ததும் என் டார்ச்சைத் திறந்து செல்லைத் தராசில் வைத்தேன். 28 கிராம்.

இப்போது அது பால்கனியில், காலி மண்சட்டிக்குள் இருக்கிறது. இதைப் பத்திரமாக எங்கே ஒப்படைப்பது என்று யாராவது சொல்லுங்கள்.