பழைய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் ஃபார்ம் க்யூ இருந்ததா, இல்லையா?

பண்ணையார்:
ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கணினி ஆட்டத்தில் உணவு தரும் ஃபார்ம் (வயல்) தீர்ந்துபோனால் மரம் செலவழித்து மறுபடி விதைக்க வேண்டும். இதைப் பற்றி நேற்று இன்னொரு திரியில் வில்லாளன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "பழைய ஏஜ் 2-ஐ இன்றைக்கு மனுஷன் ஆட முடியாது. 2019-ல் டெஃபினிடிவ் எடிஷன் வந்த பிறகுதான் ஃபார்ம் மறுபடி விதைக்கும் தொல்லை தீர்ந்தது. அதுவரை 20 வருஷம் ஒவ்வொரு ஃபார்மாகத் தேடிப்போய்க் கையால்தான் விதைக்க வேண்டும்."

20 வருஷமா? 2000 ஆகஸ்டில் கான்கரர்ஸ் எக்ஸ்பான்ஷன் (கூடுதல் தொகுப்பு) வந்தது. அன்றிலிருந்து மில் கட்டடத்தில் க்யூ, அதாவது மறுவிதைப்பை முன்கூட்டியே போட்டுவைக்கும் வரிசை, இருக்கிறது. மில்லை செலக்ட் பண்ணு, ஃபார்ம் பட்டனை வேண்டிய அளவு அமுக்கு, வேலை முடிந்தது. ஃபார்ம் தீர்ந்ததும் வில்லேஜர் (வேலையாள்) தானே விதைத்துக்கொள்வான். ஆடிய யாருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் தீர்ப்பு எழுதக் கூடாது.

வில்லாளன்:
வந்துட்டீங்களா. நான் சொன்னது தானாக விதைப்பதைப் பற்றி. நீங்கள் சொல்வது பட்டன் அமுக்கி விதைப்பதைப் பற்றி. பட்டன் அமுக்கினால் அது எப்படித் தானாக ஆகும்? டெஃபினிடிவில் ஆட்டோ ரீசீடை (தானாக மறுவிதைப்பு) ஒரு தடவை போட்டு விட்டால் ஆட்டம் முடிகிற வரை திரும்பிப் பார்க்க வேண்டாம்.

அப்புறம், கான்கரர்ஸ் என்பது எக்ஸ்பான்ஷன். 1999 செப்டம்பரில் வந்த ஏஜ் ஆஃப் கிங்ஸில் க்யூ இல்லை. அதுதான் "பழைய ஏஜ் 2".

பண்ணையார்:
நீங்கள் எழுதியது "2019 வரை கையால்". இப்போது 1999-க்கு ஓடுகிறீர்கள். 1999 செப்டம்பர் முதல் 2000 ஆகஸ்ட் வரை எத்தனை மாதம்? பதினொன்று. பதினொரு மாதத்தை 20 வருஷமாக நீட்டியிருக்கிறீர்கள்.

கோட்டைவாசல்:
பண்ணையார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கான்கரர்ஸில்தான் வில்லேஜர் லம்பர் கேம்ப் கட்டி முடித்ததும் தானே மரம் வெட்டப் போவான், மைனிங் கேம்ப் கட்டினால் தங்கம் தோண்டப் போவான். ராமுக்குள் (மதில் இடிக்கும் வண்டி) காலாட்படையை ஏற்றினால் ராம் வேகமாகப் போகும். இவ்வளவையும் ஆட்டத்தை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் அன்றே செய்துவிட்டது. இன்றைக்கு வந்த பிள்ளைகள் எல்லாவற்றையும் டெஃபினிடிவ்தான் கண்டுபிடித்தது என்று நினைக்கிறார்கள்.

வில்லாளன்:
"இன்றைக்கு வந்த பிள்ளைகள்" யார்? ஹெச்டி எடிஷன் 2013-ல் வந்தபோதே நான் ஆடியவன். போன மாதம் ஏஐ (கணினி எதிராளி) ஏமாற்றுகிறதா என்ற திரியிலும் நீங்கள் இருவரும் இப்படித்தான் கூட்டுச் சேர்ந்து வந்தீர்கள். பழைய ஏஐ மிகக் கடினமான லெவலில் இலவசமாக வளங்களை வாங்கிக்கொண்டு ஆடும், டெஃபினிடிவ் ஏஐ எக்ஸ்ட்ரீம் லெவலில்கூட அப்படிச் செய்யாது என்று நான் சொன்னேன். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

கோட்டைவாசல்:
அதற்கு அன்றே பதில் சொன்னேன். நீங்கள் படிக்கவில்லை.

நடுநிலை நாகு:
ஒரு சின்ன சந்தேகம். "பழைய ஏஜ் 2" என்று எதைச் சொல்கிறோம்? 1999-ஐயா, 2000-ஐயா, 2013 ஹெச்டியையா? "தானாக" என்றால் என்ன? இதை முதலில் முடிவு செய்துவிட்டால் சண்டையே இல்லையே?

பண்ணையார்:
இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது? மில்லில் க்யூ இருந்தது. 2000 ஆகஸ்ட்.

வில்லாளன்:
சரி, க்யூவையே பேசுவோம். ஒரு ஃபார்முக்கு 60 மரம். கான்கரர்ஸில் க்யூவில் போட்ட நொடியே அந்த மரம் கழிந்துவிடும். பத்து போட்டால் 600 மரம் போச்சு. கேஸில் ஏஜுக்கு (ஆட்டத்தின் மூன்றாம் கட்டம்) போனவுடன் இன்னொரு டவுன் சென்டர் (வில்லேஜர் உருவாகும் தலைமைக் கட்டடம்) கட்ட 275 மரமும் 100 கல்லும் வேண்டும். ஆக அந்தப் பத்து ஃபார்ம் க்யூ இரண்டு டவுன் சென்டருக்கான மரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். டெஃபினிடிவில் ஃபார்ம் தீரும்போதுதான் 60 மரம் போகும். இது ஆட்டத்தையே மாற்றுகிறது. இதைப் போய் "அன்றே இருந்தது" என்கிறீர்களே.

பண்ணையார்:
அதில்தான் திறமையே இருந்தது! எத்தனை ஃபார்ம் முன்கூட்டிப் போடலாம், எவ்வளவு மரத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவன் ஜெயித்தான். ஒரு ஃபார்மில் 175 உணவு. ஹார்ஸ் காலர் ஆராய்ச்சி போட்டால் 250, ஹெவி ப்ளோ போட்டால் 375, க்ராப் ரொட்டேஷன் போட்டால் 550. எந்த ஃபார்ம் எப்போது தீரும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நைட்டை (குதிரை வீரன்) அனுப்பி எதிரியின் வில்லேஜரை விரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், சண்டையை விட்டுவிட்டு அரை நொடி மில்லுக்கு வந்து நான்கு தடவை அமுக்கிவிட்டு ஓடுவோம். அந்த அரை நொடியில் நைட்டை ஈட்டிக்காரன் குத்திவிட்டால் போச்சு. கவனத்தை எங்கே வைப்பது என்பதுதான் இந்த ஆட்டமே. அதை எடுத்துவிட்டு வசதி என்கிறார்கள்.

அப்புறம், வில்லாளன், க்யூ இருந்தது என்று இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். "க்யூவில் போட்ட நொடியே மரம் கழியும்" என்றால் என்ன அர்த்தம்? இருந்தது என்றுதானே?

வில்லாளன்:
க்யூ இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? கையால் செய்ய வேண்டும் என்று சொன்னேன். மில்லில் பட்டன் அமுக்குவது கை இல்லாமல் காலா?

பண்ணையார்:
"ஒவ்வொரு ஃபார்மாகத் தேடிப்போய்" என்று எழுதினீர்கள். மில்லில் அமுக்குவது தேடிப்போவதா? மேலே உங்கள் வரி அப்படியே இருக்கிறது. எல்லோரும் படித்துக்கொள்ளலாம்.

சோழநேசன்:
மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். ஃபார்மை விடுங்கள். டெஃபினிடிவ் வந்ததால்தான் 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா வந்தது. அதுவரை இந்தியா முழுவதுக்கும் "இந்தியர்" என்று ஒரே நாகரிகம், அதுவும் இந்தி பேசும். அதைப் பிரித்து திராவிடர், வங்காளர், கூர்ஜரர், இந்துஸ்தானியர் என்று ஆக்கினார்கள். வில்லேஜரைத் தொட்டால் தமிழில் பதில் சொல்கிறான். உறுமி (சுருள்வாள்) வீரன் இருக்கிறான், திரிசடை கப்பல் இருக்கிறது, ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கேம்பெய்ன். 1999 குறுந்தகட்டில் இதெல்லாம் கிடைக்குமா? முதல் தடவை அந்தக் குரலைக் கேட்டபோது ஆட்டத்தை நிறுத்திவிட்டு வில்லேஜரை மறுபடி மறுபடி தொட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு இது போதும்.

கோட்டைவாசல்:
தமிழ் பேசுகிறான், சந்தோஷம். ஆனால் திராவிடருக்கு நைட் ஏன் இல்லை? குதிரைப்படை பலவீனம், ஒட்டகமும் கிடையாது. திறந்தவெளி அரேபியா மேப்பில் எதிரி குதிரையில் வந்தால் என்ன செய்வது? பேர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

சோழநேசன்:
ஒவ்வொரு ஏஜுக்குப் போகும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கிறது. பாரக்ஸில் (காலாட்படைக் கட்டடம்) செய்யும் ஆராய்ச்சிகள் பாதி விலை. வூட்ஸ் ஸ்டீல் ஆராய்ச்சி போட்டால் எதிரியின் கவசத்தையே கணக்கில் எடுக்காமல் வெட்டும். தண்ணீர் மேப்பில் ஆடிப் பாருங்கள். சோழர் 1025-ல் கடாரம் வரை போனது கப்பலில்தான், குதிரையில் இல்லை. கடற்படை நாகரிகமாகச் செய்தது சரியான முடிவு.

கோட்டைவாசல்:
அப்படியென்றால் "சோழர்" என்றே பேர் வைத்திருக்கலாமே. பாண்டியர், சேரர், ஹொய்சளர் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டு அதைப் பெருமை என்கிறீர்கள்.

சோழநேசன்:
இந்தியர் என்று மொத்தமாகக் கட்டிவைத்திருந்தபோது உங்களுக்குக் கோபம் வரவில்லை. இப்போதுதான் வருகிறது.

பண்ணையார்:
200 மரம் என்று சொன்னதால் சொல்கிறேன். அந்த 200 மரத்தில் மூன்று ஃபார்ம் க்யூவில் போடலாம், 20 மரம் மிச்சம். கான்கரர்ஸிலும் அதே 60 மரம்தான், அதே மில்தான். திரியைத் திசைதிருப்ப வேண்டாம்.

வில்லாளன்:
ஃபார்ம் ஒன்றா குறை? பழைய ஆட்டத்தில் டவுன் சென்டரில் வில்லேஜர் க்யூ இருந்தால் லூம் ஆராய்ச்சியை (வில்லேஜரை உறுதியாக்குவது) பின்னால் போட முடியாது. க்யூ காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். டெஃபினிடிவில் நான்கு வில்லேஜர், அப்புறம் லூம், அப்புறம் ஃபியூடல் ஏஜ் (இரண்டாம் கட்டம்) என்று ஒரே வரிசையில் போடலாம். எந்தக் கட்டடத்தில் என்ன தயாராகிறது என்று மேலே ஒரே இடத்தில் தெரிகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பண்ணையார்:
லூம் பற்றி நான் பேசவே இல்லை. உங்கள் வரியில் லூம் இல்லை. ஃபார்ம் இருக்கிறது.

கோட்டைவாசல்:
லூமைப் பற்றி நான் சொல்கிறேன். டவுன் சென்டர் ஒரு நொடிகூடச் சும்மா இருக்கக் கூடாது என்று விரலைப் பழக்கிவைத்திருந்தோம். இப்போது ஸ்கவுட்டுக்குக்கூட (உளவுக் குதிரை) தானியங்கி. ஆட்டோ ஸ்கவுட் பட்டனை அமுக்கினால் குதிரை தானே சுற்றி வரும். ஆடு எங்கே, காட்டுப்பன்றி எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் முதல் நான்கு நிமிட ஆட்டமே. அதையும் மெஷினிடம் கொடுத்தாயிற்று.

வில்லாளன்:
பெரிய ஆட்டக்காரர்கள் யாராவது ஆட்டோ ஸ்கவுட் போடுகிறார்களா? வைப்பர், ஹெரா ஆட்டத்தைப் பாருங்கள், ஸ்கவுட்டைக் கையால்தான் ஓட்டுவார்கள். அது புதிதாக வருகிறவர்களுக்காக. ஆனால் ஆட்டோ ரீசீடை அவர்களும் போடுகிறார்கள். ஏன்? அதில் திறமை ஒன்றும் இல்லை, வெறும் கைவலி என்று அவர்களுக்குத் தெரியும். 2022-ல் ஹைடல்பெர்க் கோட்டையில் போட்டி நடந்ததே, அது எந்த எடிஷனில் நடந்தது? உங்கள் கான்கரர்ஸிலா?

பண்ணையார்:
வைப்பர் எதில் வளர்ந்தார்? கான்கரர்ஸில், வூப்ளி என்ற இணைய ஆட்டத் தளத்தில். மில்லில் க்யூ போட்டு வளர்ந்த கைதான் இன்று கோட்டையில் ஆடுகிறது. அந்தக் கை 20 வருஷம் "ஒவ்வொரு ஃபார்மாகத் தேடிப்போனதா" என்று அவரையே கேளுங்கள்.

நடுநிலை நாகு:
பழைய ஆட்டம் 32 எம்பி மெமரி உள்ள கணினியில் ஓடியது என்பதையும் யாராவது சொல்லலாம். டெஃபினிடிவில் ராங்க்ட் (தரவரிசை) ஆட்டத்துக்கு பெஞ்ச்மார்க் (கணினி வேகம்) சோதனையில் 1000 எடுக்க வேண்டும். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அந்த மரங்களும் பெரிதாகி வில்லேஜரை மறைக்கின்றன. சின்ன மரம் மாட் (ஆட்டத்தின் தோற்றத்தை மாற்றும் கோப்பு) போடாமல் ஆடுகிறவர்கள் எத்தனை பேர்?

வில்லாளன்:
மாட் போட ஒரு நிமிடம் ஆகாது. 2019-ல் வந்த ஆட்டம் 1999 கணினியில் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பண்ணையார்:
தம்பி, பேச்சை மாற்ற வேண்டாம். ஆமா, இல்லை என்று ஒரே வார்த்தை. 2000 ஆகஸ்டில் மில்லில் க்யூ இருந்ததா?

வில்லாளன்:
முதலில் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். உங்களுக்கும் அதே ஒரு வார்த்தைதான். 1999-ல் இருந்ததா?

பண்ணையார்:
பதினொரு மாதம்.

வில்லாளன்:
கேட்டது ஆமாவா, இல்லையா என்று.

சோழநேசன்:
கோட்டைவாசல், தண்ணீர் மேப்பில் ஒரு ஆட்டத்துக்கு வருகிறீர்களா? நான் திராவிடர், நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுங்கள். திரிசடைக்கு முன்னால் உங்கள் நைட் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

கோட்டைவாசல்:
அரேபியா மேப் என்றால் வருகிறேன். தண்ணீருக்குள் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

பண்ணையார்:
கான்கரர்ஸ் குறுந்தகடு இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்று இரவு மில்லைத் திறந்து, க்யூவில் பத்து ஃபார்ம் போட்டு, மரம் 600 குறைவதையும் சேர்த்துப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். வில்லாளன் அதைப் பார்த்துவிட்டு 20 வருஷக் கணக்கை மறுபடி எழுதட்டும்.

வில்லாளன்:
படம் போடுங்கள். பத்து தடவை பட்டனை அமுக்கும் உங்கள் கையும் அதில் தெரியட்டும்.