பெர்னிலிருந்து ஒரே நாளில் லாகின்ஹார்ன்: இந்தத் திட்டம் சரிவருமா?

ஆரேக்கரையான் எழுதியது:

வணக்கம். பெர்னில் வசிக்கிறேன். மலைக்கு முழுப் புதியவன் அல்லன். வழிகாட்டியோடு சாதாரண வழியில் அலலின்ஹார்ன் (4027 மீ) ஏறியிருக்கிறேன். கிராம்பன் (காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்) கட்டி நடக்கத் தெரியும். வாரந்தோறும் உள்ளரங்கச் சுவரில் ஏறுகிறேன். வரும் ஆகஸ்டில் நண்பன் ஒருவனோடு, வழிகாட்டி இல்லாமல், சாஸ் பள்ளத்தாக்கில் உள்ள லாகின்ஹார்ன் (4010 மீ) ஏற விரும்புகிறேன்.

சனிக்கிழமை முதல் ரயிலில் விஸ்ப், அங்கிருந்து பஸ்ஸில் சாஸ்-குருண்ட், பிறகு கேபிள் காரில் ஹோசாஸ் (3142 மீ). மேற்குத் தென்மேற்கு முகடு வழியாக உச்சிக்குப் போய் அதே வழியில் இறங்கிக் கடைசிக் கேபிள் காரைப் பிடித்தால் இரவுச் சாப்பாடு வீட்டில். ஏற்றம் 870 மீட்டருக்குள்தான். பாறை முகடு என்பதால் பனிப்பிளவுத் தொல்லை அதிகம் இல்லை என்றும் படித்தேன். மலைக்குடிலில் தங்கும் செலவும் மிச்சம். நன்றாக அமைந்தால் அடுத்த வாரம் இதே முறையில் பக்கத்து மலையான வைஸ்மீஸ். எங்கே இடிக்கிறது, சொல்லுங்கள்.

வாலிஸ்வாசி எழுதியது:

தம்பி, இடிப்பது முதல் வரியிலேயே. மலை எத்தனை மணிக்கு நம்மை விடும் என்று பார்த்துத் திட்டம் போடுவார்கள். நீங்கள் ரயில் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று பார்த்துப் போட்டிருக்கிறீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெர்னர் முன்டர் என்ற சுவிஸ் வழிகாட்டியின் சூத்திரம் இங்கே எல்லோருக்கும் பழக்கம்: கிடைத்தூரக் கிலோமீட்டரோடு ஏற்றத்தை நூறு மீட்டருக்கு ஒன்று என்று கூட்டி நான்கால் வகுத்தால் மணிக்கணக்கு கிடைக்கும். ஹோசாஸிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், 870 மீட்டர் ஏற்றம். விடை மூன்று மணிக்குள் வரும். அதை நம்பிவிடாதீர்கள். சூத்திரம் நடப்பவருக்கானது. இங்கே பாதி வழி கையையும் ஊன்றி ஏற வேண்டும், முன்னால் போகிறவர்களுக்காக நிற்க வேண்டும், வழி தேட வேண்டும். வழிகாட்டிப் புத்தகங்கள் மூன்றரை முதல் நான்கு மணி என்கின்றன. முதல் தடவை போகும் இருவருக்கு நான்கு என்றே வையுங்கள்.

லோட்ஷ்பெர்க் அடித்தளச் சுரங்கம் 2007இல் திறந்த பிறகு பெர்னிலிருந்து விஸ்ப் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் பஸ்ஸுக்கு முக்கால் மணி, கேபிள் காரில் காத்திருப்பு, காலணி இறுக்கல், கழிப்பறை எல்லாம் சேர்த்தால் ஹோசாஸை விட்டுக் கிளம்ப ஒன்பதாகிவிடும். உச்சியைத் தொடும்போது பகல் ஒரு மணி. இந்த முகட்டில் இறக்கம் ஏற்றத்தைவிடப் பெரிதாகக் குறையாது, மூன்று மணி வேண்டும். ஹோசாஸ் திரும்பும்போது மாலை நான்கு. கடைசிக் கேபிள் கார் எப்போது என்பது பருவத்துக்குப் பருவம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். அது போய்விட்டால் சாஸ்-குருண்ட் (1559 மீ) வரை கிட்டத்தட்ட 1580 மீட்டர் கீழே நடக்க வேண்டும். அன்றைக்கு முழங்காலிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவும் எதுவும் தவறாமல் நடந்தால். ஆகஸ்ட் பிற்பகல் இடியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பகல் ஒரு மணிக்கு நான்காயிரம் மீட்டர் முகட்டில், முதுகில் பனிக்கோடரி துருத்திக்கொண்டிருக்க, இத்தாலிப் பக்கத்திலிருந்து மேகம் ஏறுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

"பாறை முகடு" என்ற சொல்லும் உங்களை ஏமாற்றுகிறது. உச்சிக்கு அருகே, முகடு அகன்று சரிவாகும் இடத்தில், கோடையிலும் பல நாட்கள் பனி கிடக்கும். 2012 ஜூலை 3 அன்று ஜெர்மனியைச் சேர்ந்த ஐந்து பேர் உச்சியிலிருந்து இறங்கும்போது விழுந்து இறந்தது இதே மலையில்தான். கடைசிப் பாறையில் நின்று "இன்னும் கொஞ்சம்தானே" என்று கிராம்பன் கட்டாமல் போகிறவர்களை ஒவ்வொரு கோடையும் பார்க்கிறேன். கட்டுவதற்கு ஐந்து நிமிடம். உட்கார இடமுள்ள பாறையிலேயே கட்டிவிடுங்கள். பனியில் இரண்டடி வைத்த பிறகு குனிந்து வாரை இழுக்க முடியாது.

இன்னொன்று உறைநிலை உயரம், அதாவது காற்றின் வெப்பநிலை பூஜ்யமாகும் உயரம். 2023 ஆகஸ்ட் 21 அதிகாலை சுவிட்சர்லாந்தின் மேல் பூஜ்யப் பாகை 5298 மீட்டரில் இருந்ததாக வானிலைத்துறை பலூன் அளந்தது. ஆல்ப்ஸின் எந்த உச்சியும் அந்த உயரத்தில் இல்லை. மேகமற்ற இரவில் பனி தன் வெப்பத்தை வானுக்கு விட்டு மேற்பரப்பில் ஓரளவு இறுகும். மேகம் மூடிய வெப்ப இரவில் அதுவும் நடக்காது. ஆகவே வெள்ளி மாலை வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் இரவு வானம் எப்படி என்றும் பாருங்கள். இரண்டும் மோசமென்றால் போகாதீர்கள். பாறைகளைப் பிணைத்து வைத்திருக்கும் உறைபனியும் அப்படிப்பட்ட வாரங்களில்தான் தளரும்.

என் யோசனை இது. வெள்ளி மாலை கேபிள் காரில் குரொய்ட்ஸ்போடன் (2400 மீ) வந்து, அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்து வைஸ்மீஸ் குடிலில் (2726 மீ) தங்குங்கள். நான்கு மணிக்குக் கிளம்பினால் ஏற்றம் 1280 மீட்டர் ஆனாலும் ஒன்பது, ஒன்பதரைக்கு உச்சி. மதியச் சாப்பாட்டுக்கு ஹோசாஸ். திரும்பும் நேரத்தைக் குடிலிலேயே முடிவு செய்யுங்கள். பத்தரை மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து இறக்கம், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும். இருவரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு அந்தப் பேச்சு எடுபடாது.

வழி பற்றி ஒன்று. முகட்டில் கற்குவியல்கள் ஆளுக்கொரு திசை காட்டும். அவற்றைவிடப் பாறையில் கிராம்பன் முட்கள் கீறிய வெள்ளைக் கோடுகளை நம்புங்கள். கீறல் நின்றுபோய், காலடியில் சல்லி உருளத் தொடங்கினால் பக்கச் சரிவுக்குள் நழுவிவிட்டீர்கள் என்று பொருள். உடனே முகட்டுக்கு ஏறிவிடுங்கள்.

வைஸ்மீஸை "இதே முறையில்" என்று எழுதியிருப்பதைப் படித்துத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன். ஹோசாஸிலிருந்து அங்கே போகும் வழி டிரிஃப்ட் பனியாறு. அண்மைக் கோடைகளில் அது மிகவும் உடைந்து கிடக்கிறது. மறுபக்கம் அல்மகெல்லர் குடிலிலிருந்து (2894 மீ) ஸ்விஷ்பெர்கன் கணவாய் (3268 மீ) வழியாகத் தென்கிழக்கு முகட்டில் ஏறி, அதே வழியில் இறங்குங்கள். அது தனி மலை, தனி வாரம், தனித் திட்டம்.

பச்சைக்கயிறு எழுதியது:

அண்ணா சொன்ன நேரக்கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கயிற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! ஒரே அளவு அனுபவமுள்ள இருவர் கயிற்றில் பிணைந்துகொண்டு, இடையில் எதிலும் மாட்டாமல் முகட்டில் நடந்தால், ஒருவர் வழுக்கினால் இருவரும் போவார்கள். வழிகாட்டிகள் குட்டைக் கயிற்றில் ஆளை நடத்துவதைப் பார்த்து அதைப் பின்பற்றாதீர்கள். அது அவர்கள் ஆண்டுக்கணக்கில் பழகிய தொழில். கயிறு கட்டினால் பாறைக் கொம்புகளில் சுற்றியபடி நகருங்கள்; எளிதான இடத்தில் கழற்றிவிடுங்கள். இந்த முடிவை மாற்றி மாற்றி எடுக்கத் தெரியாவிட்டால் இந்த ஆண்டு ஒரு வழிகாட்டியோடு போய்விடுவது நல்லது.

உங்களுக்கு ரயிலில் போய் ரயிலில் திரும்பும் நாள்தான் வேண்டுமென்றால் அதே கேபிள் காரில் போய் யேகிஹார்ன் (3206 மீ) ஏறலாம். போல்ட் அடித்த பாறை வழிகளும் இரும்புக் கம்பிப் பாதையும் இருக்கின்றன. லாகின்ஹார்ன் முகடு முழுவதும் எதிரே தெரியும். தொலைநோக்கி கொண்டுபோனால் ஆட்கள் எங்கே தேங்குகிறார்கள் என்று அரைமணி நேரம் பார்க்கலாம். இது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

ஒரே முதலாளியிடம் வாரத்தில் எட்டு மணி நேரமாவது வேலை செய்தால் விபத்துக் காப்பீடு வேலைக்கு வெளியேயும் உண்டு. ஆனால் வழக்கமான எச்சரிக்கை விதிகளைக் கடுமையாக மீறியதாகக் கருதினால் பணப்பலனில் பாதியை வெட்டலாம். சாஸ் பள்ளத்தாக்கு இருக்கும் வாலிஸ் மாநிலத்தில் மீட்புக்கு 144. மற்ற மாநிலங்களின் பழக்கத்தில் 1414 என்ற வான்மீட்பு எண்ணைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

ஆரேக்கரையான் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒன்பது மணிக் கணக்கைப் பார்த்ததும் நண்பனே குடிலில் தங்கலாம் என்று சொல்லிவிட்டான். கயிறு விஷயத்தில் அக்கா சொன்னதை இந்த மாதமே யேகிஹார்னில் பழகிப் பார்க்கிறோம். அது சரியாக வராவிட்டால் வழிகாட்டியைப் பதிவு செய்வோம். இரண்டு சில்லறைக் கேள்விகள். குடிலில் போர்வை தருவார்களா? நண்பன் வெள்ளிக்கிழமை சைவம், அதற்கு வழி உண்டா?

வாலிஸ்வாசி எழுதியது:

போர்வை உண்டு, உள்ளே விரிக்கும் மெல்லிய பட்டு அல்லது பருத்தித் தூக்கப்பை உங்களுடையதாக இருக்க வேண்டும். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு அங்கிருக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் குடில்காரரிடம் முகட்டில் இன்று யார் போனார்கள், உச்சிப் பனி எப்படி என்று கேளுங்கள். இணையத்தில் கிடைப்பதைவிட அது புதிய செய்தி.

சைவத்தை முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். சொல்லாமல் போனால் தட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் மிஞ்சும். வானிலை கெட்டு வரமுடியாவிட்டால் முதல் நாளே ரத்து செய்யுங்கள், அந்தப் படுக்கைக்கு வேறு யாராவது காத்திருப்பார்கள்.